ஒரு பறவை, ஆறு லென்ஸ்: காட்டு விடுதிக்குக் குழுவாகப் பறவைப் படம் எடுக்கப் போவோருக்கு முழுமையான வழிகாட்டி

காட்டு விடுதிக்குத் தனியாகப் போகிறவருக்கு ஒரு கவலைதான்: பறவை வருமா, வராதா. ஆறேழு பேராகப் போனால் இன்னொன்றும் சேர்ந்துகொள்கிறது: இத்தனை பேர் கேமராவைத் தூக்கியதும் வந்த பறவை அங்கேயே இருக்குமா? குழுப் பயணம் நன்றாக அமைவதும் கெடுவதும் பெரும்பாலும் இந்த இரண்டாவது கேள்வியில்தான் இருக்கிறது. யார் எங்கே உட்காருவது, யார் எப்போது எழுந்திருப்பது, பாதை குறுகினால் யார் முன்னால் போவது என்று கிளம்பும் முன்பே பேசி முடித்த குழு, சுமாரான லென்ஸோடு போனாலும் நல்ல படங்களோடு திரும்பும். பேசாமல் போன குழுவுக்கு விலையுயர்ந்த லென்ஸ் இருந்தும் பறவையின் முதுகுதான் கிடைக்கும். அதனால் இந்த வழிகாட்டியில் கேமராவைப் பற்றிச் சொல்வதைவிட ஆட்களைப் பற்றிக் கொஞ்சம் கூடுதலாகவே சொல்லப்போகிறேன்.

படி 1: ஆட்களைச் சேர்ப்பது

நான்கு முதல் ஆறு பேர் வரை போதும். எட்டு பேர் என்றால் இரண்டு அணி, இரண்டு வழிகாட்டிகள், இரண்டு வண்டிகள் என்று கணக்குப் போடுங்கள். அடர்ந்த காட்டுப் பாதையில் ஒரு கிளையிடுக்கு வழியாகத்தான் பறவை தெரியும். அந்த இடுக்குக்கு நேரே இரண்டு பேர்தான் நிற்க முடியும். மூன்றாவது ஆள் காத்திருக்க வேண்டும், ஆறாவது ஆளுக்கு முறை வரும்போது பறவை அடுத்த மரத்தில் இருக்கும்.

எண்ணிக்கையைவிட முக்கியம், வருகிறவர்களுக்கு என்ன வேண்டும் என்பது. நூறு இனங்களைப் பார்த்துக் குறிப்பெழுத ஆசைப்படுகிறவரும், ஒரே மீன்கொத்தியின் முன்னால் நான்கு மணி நேரம் உட்காரத் தயாராக இருப்பவரும் ஒரே வண்டியில் போனால் இருவருக்குமே நிறைவு இருக்காது. முன்கூட்டியே கேளுங்கள்: பட்டியலா, படமா? இரண்டுக்கும் ஆள் இருந்தால் காலையில் சேர்ந்து நடந்து, மதியத்துக்குமேல் பிரிந்துகொள்ளும்படி திட்டம் போடலாம். படம் எடுக்காத துணைவரோ பிள்ளைகளோ வருவதாக இருந்தால் அவர்களுக்கும் ஒரு பைனாகுலரும் ஒரு வேலையும் கொடுங்கள். பறவையை முதலில் கண்டுபிடிப்பது பல நேரம் வியூஃபைண்டரில் கண் பதிக்காதவர்தான்.

கூடவே மூன்று விஷயங்களை எழுதி வாங்கிக்கொள்ளுங்கள்: யாரிடம் என்ன லென்ஸ், எவ்வளவு தூரம் மேடு ஏற முடியும், உடல்நலம் சார்ந்து சொல்ல வேண்டியது ஏதாவது உண்டா. தேனீ, குளவி கொட்டினால் ஒவ்வாமை வருகிறவர் குழுவில் இருந்தால் அது எல்லோருக்கும் தெரிந்திருக்க வேண்டும். காட்டிலிருந்து மருத்துவமனை எப்போதும் தூரம்தான்.

படி 2: விடுதியிடம் கேட்க வேண்டிய கேள்விகள்

விடுதியின் இணையப்பக்கத்தில் அழகான பறவைப் படங்கள் இருக்கும். அவை எந்த மாதத்தில் எடுத்தவை, எங்கிருந்து எடுத்தவை என்று கேட்டால்தான் உங்களுக்குப் பயன்.

நான் எப்போதும் முதலில் கேட்பது ஹைடு பற்றி, அதாவது பறவைக்குத் தெரியாமல் உட்கார்ந்து, லென்ஸுக்கான துவாரம் வழியாகப் படம் எடுக்கும் மறைவிடம் பற்றி. உள்ளே எத்தனை பேர் நெருக்கமில்லாமல் உட்காரலாம், காலையில் வெயில் எந்தப் பக்கமிருந்து வரும், பறவைகளுக்காக எதிரே வைத்த தண்ணீர்த் தொட்டிக்கும் துவாரத்துக்கும் எவ்வளவு தூரம். இந்தத் தூரக் கேள்வியைச் சாதாரணமாக நினைக்காதீர்கள். 600 மி.மீ. பிரைம் லென்ஸ்கள் (ஜூம் இல்லாதவை) பலவற்றால் 4 மீட்டருக்குள் இருப்பதைக் குவிக்க முடியாது. தொட்டி 3 மீட்டரில் இருந்தால், தூக்கிச் சுமந்து வந்த பெரிய லென்ஸ் பைக்குள்ளேயே கிடக்கும். 100–400 போன்ற ஜூம் வைத்திருப்பவர் அன்று ராஜா.

அடுத்தது நேரம். விடியலுக்கு முன்பே வெளியே போக அனுமதி உண்டா, வனத்துறை கேட் எத்தனை மணிக்குத் திறக்கும், காலைச் சாப்பாட்டைக் கட்டிக் கொடுப்பார்களா. சில விடுதிகளில் எல்லாம் நன்றாக இருக்கும், ஆனால் எட்டரைக்குத்தான் காலை உணவு, அதற்கு முன் ஆள் கிடையாது என்பார்கள். பறவைக்காரருக்கு அந்த விடுதி ஒத்துவராது.

மின்சாரம் எத்தனை மணி நேரம் இருக்கும், அறைக்கு எத்தனை பிளக் பாயின்ட் என்பதையும் கேளுங்கள். ஆறு பேரின் கேமரா பேட்டரி, கைப்பேசி, லேப்டாப் எல்லாம் ஒரே இரவில் சார்ஜ் ஆக வேண்டும். இரண்டு எக்ஸ்டென்ஷன் பலகை எடுத்துப்போவது நல்லது.

கடைசியாக, விடுதி பறவைகளை எப்படி வரவழைக்கிறது? தண்ணீர், பழம், விதை வைக்கிறார்களா, உயிருள்ள இரை வைக்கிறார்களா, கூட்டுக்கு அருகே அழைத்துப்போகிறார்களா? ஆந்தைக்கு உயிருள்ள எலியை விட்டுப் படமெடுக்க வைக்கும் இடத்தை நான் தவிர்த்துவிடுவேன். பொறுப்பாகச் செய்யும் இடங்களும் உலகில் நிறைய உண்டு. எக்வடோரின் மேகக் காடுகளில் ஆங்கெல் பாஸ் என்ற விவசாயி, எளிதில் கண்ணில் படாத ஆன்ட்பிட்டா பறவைகளை மண்புழு வைத்துப் பழக்கினார். மரியா என்று அவர் பெயரிட்ட பெரிய ஆன்ட்பிட்டாவைப் பார்க்கப் பல நாடுகளிலிருந்தும் ஆட்கள் வந்தார்கள். அந்த வருகையே அவருடைய நிலத்துக் காட்டைக் காப்பாற்ற வழியானது. விடுதி காட்டுக்கு என்ன செய்கிறது என்று கேட்க இந்தக் கதை போதுமான காரணம்.

படி 3: எப்போது போவது, எதற்காகப் போவது

வறண்ட மாதங்களில் தண்ணீரைத் தேடிப் பறவைகள் வரும், ஹைடுகள் கலகலப்பாக இருக்கும். இலையுதிர்ந்த மரங்களில் பறவையைக் காண்பதும் எளிது. மழைக்குப் பின் காடு பசுமையாக இருக்கும், பின்னணி அழகாக வரும், ஆனால் தண்ணீர் எங்கும் கிடைப்பதால் தொட்டிக்கு வருகை குறையும். வலசைப் பறவைகள் வேண்டுமென்றால் குளிர்காலம். இனப்பெருக்கக் காலத்தில் இறகு நிறமும் பாட்டும் உச்சத்தில் இருக்கும், அப்போதுதான் நாம் கூடுதலாக விலகி நிற்கவும் வேண்டும்.

இவை எல்லாவற்றையும் ஓரங்கட்டிவிடும் ஒரு காரணம் உண்டு: பழுத்த அத்தி மரம். ஆல், அரசு, அத்தி வகை மரங்கள் எல்லாம் ஒரே நேரத்தில் பழுப்பதில்லை. ஒன்று இப்போது, இன்னொன்று சில வாரம் கழித்து என்று மாறி மாறிப் பழுக்கும். விடுதிக்கு அருகே ஒன்று பழுத்திருந்தால் இருவாச்சி, குக்குறுவான், பச்சைப்புறா என்று வரிசையாக வரும். கிளம்புவதற்கு ஒரு வாரம் முன்பு வழிகாட்டிக்குப் போன் போட்டு, எந்த மரம் பழுத்திருக்கிறது என்று கேளுங்கள்.

இனப் பட்டியலுக்கு, பறவை பார்ப்போர் தாங்கள் கண்டதைப் பதியும் ஈபேர்ட் தளம் போதும். கார்னெல் பறவையியல் ஆய்வகமும் ஆடுபன் அமைப்பும் 2002-இல் தொடங்கியது அது. ஒரு இடத்தைத் தேர்ந்தெடுத்தால் வாரவாரியாக எந்த இனம் எவ்வளவு அடிக்கடி பதிவாகிறது என்ற பட்டை வரைபடம் வரும். அதிலிருந்து குழுவாக உட்கார்ந்து பத்து இனங்களைப் பொறுக்குங்கள். நாற்பது எழுதினால் ஒன்றையும் உருப்படியாகத் தேட முடியாது. பத்துக்கும் நேராக எங்கே, எந்த நேரம், எந்த உயரம் என்று எழுதுங்கள்: தீக்காக்கை மரங்களின் நடு உயரத்தில் அசையாமல் உட்காரும், ஆறுமணிக்குருவி தரையில் சருகைக் கிளறும், தவளைவாயன் பகலில் காய்ந்த இலைக்கொத்துபோல் கிளையில் இருக்கும்.

குரல்களையும் கேட்டுப் பழகிவிட்டுப் போங்கள். 2005 முதல் இயங்கும் ஜீனோ-கான்டோ தளத்தில் உலகெங்கும் பதிவான குரல்கள் இலவசமாகக் கிடைக்கின்றன. மெர்லின் செயலியின் குரல் அடையாளம் காணும் வசதி 2021-இல் வந்தது. அந்தப் பகுதிக்கான தொகுப்பை வீட்டிலேயே இறக்கிக்கொண்டால் சிக்னல் இல்லாத இடத்திலும் வேலை செய்யும். அது சொல்வதைத் துப்பாக மட்டும் எடுத்துக்கொண்டு கண்ணால் பார்த்து உறுதிசெய்யுங்கள். கரிச்சான் இனத்தில் சில மற்ற பறவைகளின் குரலை அச்சு அசலாகப் பேசும். துடுப்புவால் கரிச்சான் ஒன்று போதும், செயலியையும் நம்மையும் சேர்த்துச் சுற்றலில் விட.

படி 4: என்ன எடுத்துப் போவது

லென்ஸ்: காட்டுக்குள் வெளிச்சம் குறைவு, தூரமும் பெரிதல்ல. 400 முதல் 600 மி.மீ. வரை எட்டும் ஏதாவது ஒன்று போதும். கிராப் சென்சார் (சிறிய சென்சார்) கேமராவில் 400 மி.மீ. லென்ஸே ஏறத்தாழ 600 மி.மீ. காட்சியைத் தரும். லென்ஸுக்கும் கேமராவுக்கும் இடையே மாட்டி எட்டும் தூரத்தைக் கூட்டும் டெலிகன்வெர்ட்டரைக் காட்டுக்குள் நான் பரிந்துரைக்க மாட்டேன். 1.4 மடங்கு ஒரு ஸ்டாப் வெளிச்சத்தையும் (அதாவது பாதியை) 2 மடங்கு இரண்டு ஸ்டாப்பையும் விழுங்கிவிடும். எஃப் எண் கூடக் கூட லென்ஸின் துளை சிறியது, வெளிச்சம் குறைவு: எஃப் 6.3 லென்ஸில் 1.4 மாட்டினால் எஃப் 9, அதை வைத்துக்கொண்டு விடியற்காலைப் புதருக்குள் என்ன செய்வது? ஏரி, திறந்தவெளி என்றால் வேறு கதை.

தாங்குவதற்கு: ஹைடுக்கு டிரைபாட் அல்லது பீன் பேக் (லென்ஸுக்கு அடியில் வைக்கும் பை), நடைக்கு மோனோபாட் (ஒற்றைக் கால் தாங்கி) அல்லது கை. ஆறு பேரும் டிரைபாட் விரித்து நடைபாதையில் நின்றால் பதினெட்டுக் கால்கள். யாராவது ஒருவர் தடுக்கி விழுவார், பறவை போய்விடும். பீன் பேக்கை வெறும் பையாக எடுத்துப்போய் அங்கே அரிசியோ பயறோ வாங்கி நிரப்பிக்கொள்ளலாம்.

பேட்டரி: விமானத்தில் போவதாக இருந்தால் உதிரி லித்தியம் பேட்டரிகள் கைப்பையில்தான் இருக்க வேண்டும், கீழே போகும் பெட்டியில் வைக்கக் கூடாது. 100 வாட்-மணி வரை தனி அனுமதி தேவையில்லை. மிரர்லெஸ் கேமரா பேட்டரி பொதுவாக 16 வாட்-மணிக்கு அருகில்தான் இருக்கும், கவலை வேண்டாம். முனைகளை டேப் ஒட்டியோ உறைக்குள் போட்டோ மூடிவையுங்கள்.

உடை மங்கலான பச்சை, பழுப்பு, சாம்பல். அதைவிட முக்கியம் சத்தம்: நடக்கும்போது சரசரவென்று உரசும் மழைக்கோட்டு வேண்டாம். வெல்க்ரோ பை, பீப் அடிக்கும் கேமரா, ஒவ்வொரு அடிக்கும் மணிபோல் ஒலிக்கும் சாவிக்கொத்து, எல்லாவற்றையும் அறையிலேயே விட்டுவிடுங்கள். இரத்தம் உறிஞ்சும் அட்டை உள்ள காடென்றால், அது காலில் ஏறாமல் தடுக்கும் அட்டை உறை கட்டாயம். கொசு மருந்தில் டீட் என்ற ரசாயனம் இருந்தால் தடவிய கையோடு கேமராவைத் தொடாதீர்கள், அது பிளாஸ்டிக்கையும் ரப்பர் பிடியையும் இளக்கிவிடும். புறங்கையால் தடவிக்கொள்வது எளிய வழி.

ஈரம் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். ஏசி அறையில் இரவெல்லாம் குளிர்ந்த லென்ஸை விடியற்காலை ஈரக்காற்றில் வெளியே எடுத்தால் முன்கண்ணாடியில் உடனே மூச்சுவிட்டதுபோல் வெள்ளையாகப் படியும். துடைத்தால் மறுபடி படியும். வெளியிலிருக்கும் காற்றின் சூட்டுக்கு லென்ஸ் வரும்வரை அது நிற்காது, பெரிய லென்ஸ் என்றால் அரைமணி நேரம்கூட ஆகும். அந்த அரைமணியில்தான் சிறந்த வெளிச்சம் வந்து போகும். அதனால் அறையில் ஏசியைத் தவிருங்கள், முடியாவிட்டால் கேமராப் பையை இறுக்க மூடி, எழுந்தவுடன் பையோடு வராந்தாவில் வைத்துவிடுங்கள். குளித்து முடித்து வருவதற்குள் தயாராக இருக்கும். பைக்குள் சிலிக்கா ஜெல் பொட்டலங்கள் இருக்கட்டும், திரும்பி வந்தபின் லென்ஸைப் பைக்குள்ளேயே நாள்கணக்கில் பூட்டிவைக்காதீர்கள். பூஞ்சை அப்படித்தான் பிடிக்கிறது.

படி 5: கிளம்பும் முன் ஒரு பேச்சு

எல்லோரும் வீடியோ அழைப்பிலோ நேரிலோ ஒருமுறை சந்தித்து இவற்றை வாய்விட்டுச் சொல்லிக்கொள்ளுங்கள். எழுதி அனுப்பினால் யாரும் படிப்பதில்லை.

முதலாவது, முறை வைத்தல். வண்டியில் ஒருவருக்கு ஒரு ஜன்னல், தினமும் இருக்கை மாற வேண்டும். ஹைடில் நல்ல துவாரம் ஒன்றிரண்டுதான் இருக்கும், அதுவும் மாற வேண்டும். பாதையில் முன்னால் நிற்பவர் ஒரு நிமிடம் எடுத்ததும் மெல்லக் குனிந்து பின்னால் வர வேண்டும். முதல் ஆள் குத்துக்காலிட, இரண்டாம் ஆள் முழங்காலிட, மூன்றாம் ஆள் நிற்க என்று மூன்று தட்டாக அமைந்தால் ஒரே இடுக்கில் மூன்று லென்ஸ் பார்க்கலாம்.

இரண்டாவது, எல்லோருக்கும் ஒரு நிச்சயப் படம். பறவை தெரிந்ததும் இருக்கும் இடத்திலிருந்து எல்லோரும் ஒரு படம் எடுத்துவிட வேண்டும், எவ்வளவு தூரமாக இருந்தாலும் சரி. கடைசி ஆள் தலையசைத்த பிறகுதான் யாரும் ஓரடி முன்னால் வைக்கலாம். இந்த ஒரு விதியை மட்டும் ஒரு குழு கடைப்பிடித்தால்கூடப் பாதிச் சண்டை ஓய்ந்துவிடும்.

மூன்றாவது, சைகைகள். முஷ்டி மடக்கினால் நில், உள்ளங்கை கீழே என்றால் உட்கார், இரண்டு விரல் என்றால் நான் எடுத்துவிட்டேன். திசை சொல்ல கடிகார முறை: பாதை நேரே போவது பன்னிரண்டு மணி. "அதோ அங்கே, அந்த மரத்துல" என்பது காட்டில் எதையும் சொல்லாது. "இரண்டு மணி, வெள்ளை அடிமரம், முதல் கவட்டுக்கு ஒரு கை மேலே" என்றால் லென்ஸ் தானாக அங்கே போகும்.

நான்காவது, குரல் ஒலிபரப்பு. கைப்பேசியில் பறவைக் குரலைப் போட்டு வரவழைப்பதை நான் ஏற்பதில்லை. எல்லை காக்கும் ஆண் பறவை எதிரி வந்துவிட்டதென்று உணவை விட்டு, குஞ்சை விட்டு, பறந்து வரும். பின்னால் வரும் அடுத்த குழுவும் அதையே செய்யும். அமெரிக்கப் பறவை நோக்கர் சங்கத்தின் நெறிமுறையும் ஒலிபரப்பை மிகக் கட்டுப்பாட்டோடு வைக்கச் சொல்கிறது, அதிகம் ஆட்கள் வரும் இடங்களிலும் அருகிவரும் இனங்களிடமும் தவிர்க்கச் சொல்கிறது. சில காப்பகங்களில் முழுத் தடையே உண்டு. உங்கள் குழுவின் முடிவை வழிகாட்டியிடம் முதல் நாளே தெளிவாகச் சொல்லுங்கள். நீங்கள் எதிர்பார்ப்பதாக நினைத்துத்தான் பல வழிகாட்டிகள் போடுகிறார்கள்.

ஐந்தாவது, கூடு. கூட்டைப் படமெடுக்க வேண்டாம், அவ்வளவுதான். இருவாச்சியை எடுத்துக்கொள்ளுங்கள்: பெண் பறவை மரப்பொந்துக்குள் புகுந்து வாயிலை அடைத்துக்கொள்கிறது, ஒரு கீற்று இடைவெளி வழியாக ஆண் பறவை கொண்டுவரும் உணவுதான் தாய்க்கும் குஞ்சுக்கும். கீழே ஆறு பேர் நின்றுகொண்டிருந்தால் ஆண் இறங்காது. நாம் ஒரு மணி நேரம் நின்றால் உள்ளே ஒரு மணி நேரப் பட்டினி.

படி 6: ஒரு நாளை எப்படி வகுப்பது

விடியலுக்கு நாற்பது நிமிடம் முன் எழுந்து, வெளிச்சம் வரும்போது இடத்தில் இருக்க வேண்டும். முதல் இரண்டரை மணி நேரம் பாதையிலோ காட்டோரத்திலோ. பிறகு வெயில் ஏறும், இலைகளுக்கிடையே வெள்ளைத் திட்டும் கருநிழலுமாக வெளிச்சம் உடையும், பறவைகளும் அடங்கும். அப்போது ஹைடு. நண்பகலில் தண்ணீருக்கு வரும் பறவைகள் ஏராளம், தொட்டி நிழலில் இருந்தால் வெளிச்சமும் மென்மையாகவே இருக்கும். மாலை மறுபடி வெளியே.

மேகமூட்டமான நாள் வந்தால் அலுத்துக்கொள்ளாதீர்கள். காட்டுக்குள் படம் எடுக்க அதைவிட நல்ல நாள் இல்லை, பகல் முழுதும் எடுக்கலாம். தொடர்ந்து நான்கு நாள் இருப்பதாக இருந்தால் மூன்றாம் நாள் மதியத்தை ஓய்வுக்கு விடுங்கள். தூக்கமில்லாத குழுவில் குரல் உயரத் தொடங்கும்.

படி 7: ஹைடுக்குள்

பறவை வருவதற்கு முன்பே உள்ளே போய்விடுங்கள், எல்லோரும் ஒன்றாக. ஒவ்வொருவராகக் கதவைத் திறந்து வந்தால் ஒவ்வொரு முறையும் காடு முதலிலிருந்து தொடங்கும். கைப்பேசி அதிர்விலும் வேண்டாம், முழு அமைதியில். எலெக்ட்ரானிக் ஷட்டர் இருந்தால் சத்தமில்லாத முறைக்கு மாற்றுங்கள். ஒரு எச்சரிக்கை: மெதுவாகப் படிக்கும் சென்சார்களில் எலெக்ட்ரானிக் ஷட்டரில் எடுத்தால் அடிக்கும் சிறகு ரப்பர்போல் வளைந்து பதிவாகும். உட்கார்ந்திருக்கும் பறவைக்கு மட்டும் அதை வைத்துக்கொள்ளுங்கள்.

பெரும்பாலானவர்கள் செய்வது, லென்ஸை வெளியே நீட்டி அங்குமிங்கும் திருப்புவது. பறவைக்கு ஆறு பெரிய கண்கள் தன்னைத் தொடர்வதுபோல் தெரியும். லென்ஸின் முனை துணித் துவாரத்தோடு ஒட்டி இருக்கட்டும். எந்தக் குச்சியில் பறவை வந்து உட்கார வாய்ப்பு அதிகமோ அதில் முன்பே குவித்து வைத்து, கையை எடுத்துவிட்டுக் காத்திருங்கள். திருப்ப வேண்டுமென்றால் பறவை தலையைத் தண்ணீருக்குள் தாழ்த்தும் கணத்தில் திருப்புங்கள்.

தண்ணீர்த் தொட்டி ஒன்றைக் கவனித்துப் பாருங்கள். முதலில் யாரும் இறங்க மாட்டார்கள். ஒரு சின்னான் ஓரத்துக் குச்சியில் வந்து, தலையை இப்படியும் அப்படியும் சாய்த்து, ஒரு சொட்டு குடித்துவிட்டுப் பறந்துவிடும். ஐந்து நிமிடம் கழித்து அதே சின்னான் இன்னொன்றோடு வரும். இரண்டும் இறகை உதறிக் குளிக்கத் தொடங்கியதும்தான் புதருக்குள் காத்திருந்த மற்றவை நம்பிக்கை கொள்ளும். சிலம்பன்கள் கூட்டமாக இறங்கும், ஈப்பிடிப்பான் மேலிருந்து விழுந்து நீரைத் தொட்டுவிட்டு மறுபடி ஏறும். எல்லாம் உச்சத்தில் இருக்கும்போது திடீரென்று ஒரு கீச்சுக் குரல், மறுகணம் தொட்டி வெறுமை. வல்லூறு ஒன்று மேலே கடந்திருக்கும். இந்த நேரத்தில்தான் பலர் அலுத்துப்போய்த் தண்ணீர் பாட்டிலைத் திறந்து பேச ஆரம்பிப்பார்கள். அசையாதீர்கள். தரைப்பறவைகள் பலவும் இந்தக் கூச்சல் ஓய்ந்த அமைதியில்தான் வருகின்றன. சருகு மட்டும் அசைவதைப் பார்த்தீர்களென்றால் ஷட்டரில் விரலை வையுங்கள்.

ஒருவர் அவசரமாக வெளியே போக வேண்டுமென்றால் தொட்டி காலியாக இருக்கும்போது சைகை காட்டிவிட்டுப் போக வேண்டும். திரும்பி வருவதும் அப்படியே.

படி 8: நடக்கும்போது

வழிகாட்டி முன்னால், அவருக்குப் பின் அன்றைக்கு முன்னிடம் பெற்றவர், மற்றவர்கள் இரண்டடி இடைவெளியில். வரிசையில் கடைசியில் நடப்பவருக்கு ஒரு கடமை: பின்னால் திரும்பிப் பார்த்துக்கொண்டே வருவது. யானை, காட்டெருமை, கரடி உள்ள காடுகளில் இது பறவைக்காக அல்ல. அங்கே வழிகாட்டி பின்வாங்கச் சொன்னால் கேள்வி கேட்காமல் பின்வாங்க வேண்டும், அந்த நேரம் எந்தப் பறவை எதிரே இருந்தாலும்.

ஒரு மணி நேரமாக ஒன்றுமே கண்ணில் படாமல் நடந்துவிட்டு, திடீரென்று பத்து நிமிடம் எல்லாப் பக்கமும் பறவையாக இருக்கும். கலப்புக் கூட்டம் என்பார்கள்: சிலம்பன், மரங்கொத்தி, ஈப்பிடிப்பான், கரிச்சான், கதிர்க்குருவி எல்லாம் சேர்ந்து பூச்சி தேடிக்கொண்டே நகரும் கூட்டம். அமெரிக்க வெப்பமண்டலக் காடுகளில் படையெறும்புகளின் பின்னால் எறும்புப்பறவைகள் இதேபோல் வரும். இதில் குழுக்கள் செய்யும் தவறு, கூட்டத்தின் பின்னால் ஓடுவது. பின்னால் போனால் வால்தான் கிடைக்கும். கூட்டம் போகும் திசையைப் பார்த்து, பாதை வழியாகவே சுற்றி முன்னே போய், ஒரு வெளிச்சமான இடைவெளிக்கு எதிரே அமைதியாக நில்லுங்கள். கூட்டம் உங்களைக் கடந்து போகும். யார் எந்த உயரத்தைப் பார்ப்பது என்று பிரித்துக்கொண்டால் இன்னும் நல்லது.

பகலில் உறங்கும் ஆந்தையோ தவளைவாயனோ காட்டினால் இரண்டிரண்டு பேராகப் போய், இரண்டு நிமிடத்தில் திரும்புங்கள். தவளைவாயன் ஒரே கிளையை நாள்கணக்கில் பயன்படுத்தும், கலைத்துவிட்டால் பகலெல்லாம் மற்ற பறவைகள் அதைத் துரத்தித் தொல்லை செய்யும். கண்ணைத் திறந்து உங்களைப் பார்க்கத் தொடங்கிவிட்டால் போதும், கிளம்பிவிடுங்கள். படம் அழகாக வர இலையை ஒடிப்பது, கிளையை வளைத்துக் கட்டுவது கூடவே கூடாது. அந்த இலைதான் அதன் மறைப்பு.

படி 9: கேமரா அமைப்பு

ரா ஃபைலில் (கேமரா மெருகேற்றாத மூலக் கோப்பு) எடுங்கள். மேனுவல் முறையில் ஷட்டரையும் எஃப் எண்ணையும் நீங்கள் வைத்து, ஐஎஸ்ஓவை (ஒளியுணர்வு அளவு) ஆட்டோவில் விடுவது காட்டுக்கு ஏற்றது.

அசையாமல் உட்காரும் பறவைக்கு, தாங்கல் இருந்தால், ஷட்டர் 1/250 வினாடி போதும். தீக்காக்கைக்கு 1/60-இல்கூடப் பல படங்கள் எடுத்தால் ஒன்றிரண்டு கூர்மையாக வரும். துறுதுறுவென்று இருக்கும் சிறுபறவைக்கு 1/1000. பறத்தலுக்கு 1/2000க்கு மேல். ஓசனிச்சிட்டு (ஹம்மிங்பேர்ட்) வேறு கணக்கு: சிறியவை வினாடிக்கு 50 தடவைக்கு மேலும் சிறகடிக்கும், ஷட்டரால் மட்டும் அதை உறையவைப்பது கடினம். அதனால்தான் அந்தப் பறவைகள் வரும் விடுதிகளில் பல ஃபிளாஷ்களைக் குறைந்த சக்தியில் வைத்து எடுக்கிறார்கள். ஃபிளாஷின் சக்தியைக் குறைக்கக் குறைக்க அதன் ஒளி நீடிக்கும் நேரமும் குறையும், அந்த மிகச் சிறு கணம்தான் சிறகை நிறுத்துகிறது. இரவுப் பறவைகளுக்கு மட்டும் ஃபிளாஷ் வேண்டாம். டார்ச் ஒளியையும் நேரே கண்ணில் அடிக்காமல் பக்கத்தில் படவிடுங்கள்.

ஐஎஸ்ஓ 6400 வரை பயமில்லாமல் போங்கள். ஐஎஸ்ஓ கூடினால் படத்தில் தெரியும் புள்ளிகளை (இரைச்சல்) நீக்கும் மென்பொருள்கள் இன்று நன்றாக வேலை செய்கின்றன, கலங்கிய படத்தை எதுவும் மீட்காது.

எஃப் எண்ணைப் பற்றி ஒரு கணக்கு. 600 மி.மீ. லென்ஸில், 6 மீட்டர் தூரத்தில், எஃப் 4-இல் கூர்மையாக விழும் ஆழம் ஏறத்தாழ இரண்டரை செ.மீ. அலகு நம் பக்கம் நீண்டிருந்தால் கண் கூர்மை, அலகு நுனி மங்கல். எஃப் 8-க்குப் போனால் ஐந்து செ.மீ. ஆகும். ஆகவே ஹைடில் மிக அருகே வரும் பறவைக்குத் துளையைச் சற்றுச் சுருக்குங்கள், தொலைவில் புதருக்குள் இருப்பதற்கு முழுதாகத் திறங்கள்.

வெள்ளைப் பறவை கருநிழல் பின்னணியில் என்றால் ஒளியளவைக் குறைக்க வேண்டும். வெளுத்த வானத்துக்கு எதிரே கிளையில் இருவாச்சி என்றால் ஒன்று முதல் இரண்டு ஸ்டாப் கூட்ட வேண்டும். பறவைக் கண் கண்டறியும் ஃபோகஸ் இலைக்கூட்டத்தில் தடுமாறினால் ஒற்றைப் புள்ளிக்கு மாற்றும் பொத்தான் ஒன்றை விரலடியில் வைத்துக்கொள்ளுங்கள். வினாடிக்கு 20 படம் என்று விடாமல் அழுத்துவதும் வேண்டாம், ஒவ்வொரு ரா ஃபைலும் 30 எம்பி என்றால் ஒரே வினாடியில் 600 எம்பி. இரவு அதையெல்லாம் பார்க்க வேண்டியது நீங்கள்தான்.

படி 10: இரவு

தினமும் இரண்டு இடத்தில் நகலெடுங்கள், இரண்டும் ஒரே பையில் இருக்கக் கூடாது. வீடு போய்ச் சேரும்வரை மெமரி கார்டை அழிக்காமல் இருப்பது இன்னும் பாதுகாப்பு.

சாப்பாட்டுக்குப் பின் ஆளுக்கு மூன்று படம் திரையில் போட்டுப் பாருங்கள். புதிதாகக் கற்கிறவர்களுக்கு இது எந்த வகுப்பையும்விட நல்ல பாடம்: ஒரே தொட்டி, ஒரே பறவை, ஒரே வெளிச்சம், ஆறு விதமான படம். கண் மட்டத்துக்கு இறங்கி எடுத்தவரின் படம் ஏன் தனியாக நிற்கிறது என்று யாரும் விளக்கத் தேவையிருக்காது. மறுநாள் துவாரங்களைப் பிரிப்பதையும் அப்போதே முடித்துவிடுங்கள். யாருக்கு எந்தப் பறவை இன்னும் கிடைக்கவில்லை என்று கேட்டு, அவருக்கு முதல் இடம் கொடுங்கள்.

படி 11: திரும்பிய பிறகு

ஒருவர் பொறுப்பெடுத்து ஈபேர்டில் பட்டியல் போட்டு மற்றவர்களோடு பகிர்ந்துகொள்ளட்டும், ஆறு பேரும் தனித்தனியாக ஏற்ற வேண்டியதில்லை. கடத்தல், தொல்லை அபாயம் உள்ள இனங்களின் இடத்தை ஈபேர்டே மறைத்துவிடும். ஆனால் நீங்கள் சமூக வலைத்தளத்தில் போடும் படத்தை யாரும் மறைக்க மாட்டார்கள். ஆந்தை உறங்கும் மரம், அரிய பறவை குளிக்கும் தொட்டி இவற்றின் இடக்குறியை நீக்கிவிட்டுப் போடுங்கள், பின்னணியில் அடையாளப் பலகை தெரிகிறதா என்றும் பாருங்கள்.

வழிகாட்டிக்கும் விடுதிக்கும் நல்ல படங்களை முழு அளவில் அனுப்புங்கள், பயன்படுத்த எழுத்தில் அனுமதியும் கொடுங்கள். ஹைடில் எது சரியாக இருந்தது, எது இல்லை என்றும் சேர்த்து எழுதுங்கள்: துவாரம் உயரமாக இருக்கிறது, இருக்கை கிறீச்சிடுகிறது, தொட்டிக்குப் பின்னாலுள்ள வெள்ளைச் சுவர் படத்தில் விழுகிறது என்று. இவை ஒரு தச்சரும் கொஞ்சம் பச்சைத் துணியும் இருந்தால் ஒரு நாளில் சரிசெய்யக்கூடியவை, படம் எடுப்பவர் சொன்னால்தான் அவர்களுக்குத் தெரியவும் வரும்.